நெய்தற் கருப்பொருளும் தூத்துக்குடிக் கரையும்

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில், கடலிலிருந்து வெளிப்படும் இறையருளாக முத்தும் பவளமும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. அவ்வத்தியாயத்தைச் சிறுவயது முதல் ஓதக் கேட்டு வளர்ந்த நம்மவர், அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கடல் தம் ஊர்க் கரையிலேயே இருப்பதை நினைத்துப் பார்ப்பது அரிது. மன்னார் வளைகுடாவின் பார்களில் முத்துச்சிப்பி வாழ்ந்தது. அதன் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வளர்ந்தது. (அணிகலனாகும் செம்பவளம் வேறு கடல்களுக்குரியது. நம் கடலில் உள்ளது கல்லாய் வளரும் பவளம். உறவால் நெருங்கியது, விலையால் வேறானது.) இவ்விரண்டனுள் முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பவளத்தையோ நாம் வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவரில் பூசிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர்க்கு நெய்தல் திணைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தபோது அடும்பு என்னும் கொடியைப் பற்றிக் கேட்டேன். நெய்தல் நிலக் கருப்பொருள் என்றும், அதன் இலைக்கும் பூவுக்கும் புலவர் கூறிய உவமை இன்னது என்றும் தடையின்றிச் சொன்னார்கள். தேர்வில் முழு மதிப்பெண் பெறத்தக்க விடை. அடுத்த வாரம் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். காலடியில் படர்ந்து கிடந்த அடும்பை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இறுதியில், வகுப்பில் வாய் திறவாத மாணவர் ஒருவர், “இது அடப்பங்கொடி ஐயா, எங்க வீட்டுல வலை காயப்போடுற பக்கமெல்லாம் கிடக்கும்” என்றார். அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. பொருளை அறிந்தவருக்கு அது பாடத்தில் வரும் அடும்பு என்பது தெரியவில்லை. பாடத்தை அறிந்தவர்களுக்குப் பொருள் தெரியவில்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்தது அன்றைய மாலையினாலேயே ஆகும்.

நகரக் கரைகளை அழகுபடுத்தும் முயற்சிகள் இன்று எங்கும் நடைபெறுகின்றன. நடைபாதை, விளக்குக் கம்பம், சிமெண்டு இருக்கை, தொட்டியில் வைத்த ஈச்சை என்பனவே அவற்றின் பொது இலக்கணம். அவற்றை வேண்டா என்பதற்கில்லை; மாலையில் காற்று வாங்க வருவோர்க்கு அவை வேண்டுவனவே. எனினும் கரையைக் காப்பதும் கரையை அலங்கரிப்பதும் ஒன்றல்ல. தூத்துக்குடி போன்ற துறைமுக நகரம் தன் கரையை மீட்க விரும்பினால் எதனை மீட்க வேண்டும், எந்த வரிசையில் மீட்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண நெய்தற் கருப்பொருள் உதவும் என்பதே ஈண்டுக் கூற முற்படுவது.

கரை என்பது கோடன்று

வரைபடத்தில் கரை ஒரு கோடு. நிலத்தில் அது பல அடுக்குகளாகிய ஓர் அகன்ற பட்டை. பண்டைத் தமிழர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர்களே சான்று. அலை கொண்டுவந்து குவித்த மணல் மேடு எக்கர். உவர்நீர் உள்ளே புகுந்து தேங்கும் இடம் கழி. கரையோரச் சோலை கானல். நீர் வந்து சேரும் விளிம்பு அடைகரை. படகு வந்து நிற்கும் இடம் துறை. இவ்வைந்தையும் நாம் இன்று ‘பீச்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். கானல் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததை எண்ணினால் வியப்பாக உள்ளது. சோலையைக் குறித்த அச்சொல், சோலை போனபின் பேச்சுவழக்கில் ‘கானல் நீர்’ என்பதில் மட்டுமே உயிர்வாழ்கிறது. இல்லாத நீரைக் குறிக்க.

ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய செடியும் மரமும் உண்டு. கழியில் கண்டலும் தில்லையும் நெய்தற்பூவும். எக்கர் மணலில் அடும்பு. அதற்கு மேற்பட்ட மேட்டில் தாழை. கானலில் புன்னையும் ஞாழலும். புலவர் தாவர நூல் எழுத வந்தவர் அல்லர். தலைவியின் இரங்கலைச் சொல்ல வந்தவர். ஆயினும் ஒன்றை அதற்குரிய இடத்திலிருந்து பெயர்த்து மற்றோரிடத்தில் வைப்பது அவர்க்கு அரிய வழக்கே. பார்த்துப் பழகியவர்க்குத் தவறு எளிதில் வராது.

இவ்வடுக்கு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அடும்பு மணலில் கணுவுக்குக் கணு வேர்விட்டு நெடுந்தொலைவு ஓடும் கொடி. காற்றில் பறக்கும் மணல் அதில் தட்டி நின்று மேடாகிறது. மேடு உயர உயரக் கொடியும் மேலேறிப் படர்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கடற்கரையில் நின்று பார்த்தால் அது மணல் மேட்டைப் பற்றிய நேரான உண்மை என்பது விளங்கும். அடும்பு பிடித்த மணலில் தாழை ஊன்றுகிறது. தாழை தடுத்த காற்றின் நிழலில் புன்னை எழுகிறது. முன்னது இன்றேல் பின்னது இல்லை.

கண்டல் இனத்தில் ஒன்றனை மக்கள் அலையாத்தி என்பர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது என்னும் பொருளில் அலையாற்றி என்பதே அலையாத்தி என மருவியது எனக் கருதுவர். வேர்கள் சேற்றிலிருந்து விரல்களாய் மேலெழுந்து மூச்சுவிடும். அவ்விரல்களுக்கிடையே அலையின் வேகம் அடங்கிச் சேறு படியும். சேற்றில் இறாலும் மீன்குஞ்சும் வளரும். பொறியியல் நூல் பல பக்கங்களில் விளக்குவதை மீனவர் வைத்த பெயர் ஒரு சொல்லில் விளக்கிவிட்டது.

புன்னையைப் பற்றித் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தான் புதைத்த விதை முளைத்து வளர்ந்த மரத்தை உடன்பிறந்தாள் முறையாகக் கொண்டு, அதன் நிழலில் காதலனோடு பேச நாணும் பெண்ணை நற்றிணையில் நடத்தாதவர் நம்மில் இரார். ஞாழலின் நிலையோ வேறு. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறனுள் ஞாழற்பத்து என்றே ஒரு பகுதி உண்டு. அத்துணைச் சிறப்புப் பெற்ற மரம் எது என்பதில் இன்று ஒருமித்த கருத்து இல்லை. புலிநகக்கொன்றை என்று உரையாசிரியர் எழுதினர். அதனையும் காட்டச் சொன்னால் காட்டுவோர் சிலரே. ஒரு பொருள் கண்ணிலிருந்து மறையும்போது சொல் உடனே மறைவதில்லை. சில நூற்றாண்டுகள் உரைநூலில் நிற்கிறது, பின்னர் அடிக்குறிப்பாகிறது.

பாரும் பவளமும்

தூத்துக்குடிப் பகுதியில் கரை என்பது என்றும் ஓரிடத்தில் நின்றதில்லை. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கிடையே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளியது; துறை பழையகாயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் அதுவே என்பர். பின்னர்க் காயல்பட்டினமும் புன்னைக்காயலும், அவற்றின் பின் தூத்துக்குடியும் ஓங்கின. காயல் என்பது கழியின் மறுபெயர். புன்னைக்காயல் என்னும் ஊர்ப்பெயரில் கானலும் கழியும் இணைந்தே நிற்பது காண்க.

இக்கடலில் முத்துக்குளித்தோர் பரதவரும் முஸ்லிம்களும் ஆவர். விலைபேசி வாங்கிக் கடல்கடந்து கொண்டுசென்றோருள் காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர் பலர். கடலடியில் சிப்பி ஒட்டி வாழும் பாறைத் திட்டைப் பார் என்றனர். தோலாயிரம் பார் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. சிப்பிக்குஞ்சு சேற்றில் வாழாது. பற்றிக்கொள்ள உறுதியான இடம் வேண்டும். 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. பின்னர் பார்கள் வறிதாயின. அளவுக்கு மீறி எடுத்தமை, சூரன் என்னும் சிப்பியினம் முத்துச்சிப்பியின் மேல் படர்ந்து மூடுதல், சேறு படிதல் எனக் காரணம் பல கூறப்படும். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது இந்திய அளவில் பெருஞ்சாதனை. ஆனால் கூண்டில் வளரும் முத்து பார் திரும்பியதற்கு அடையாளம் ஆகாது.

பவளத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சொல்லச் சற்றுக் கூச்சமும் தருவது. கரையோர ஊர்களில் பழைய வீடுகளின் அடித்தளத்தையும் சுவரையும் கூர்ந்து நோக்கினால் துளைதுளையான வெண்கல் தென்படும். இலங்கைத் தமிழர் முருகைக்கல் என்று வழங்கும் பவளக்கல் அது. அதனையே சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். வணிகர் மாளிகையோ வழிபாட்டிடமோ, இக்கரையில் சுண்ணாம்பு கொண்டு எழும்பியவற்றுள் கடலுக்குக் கடன்படாதது குறைவு. வீட்டளவில் நின்றிருந்தால் கடல் தாங்கியிருக்கும். ஆலைகளின் தேவையும் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டன் பவளக்கல் இப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதற்குள் 110 சதுர கிலோமீட்டர்ப் பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அளவு அழிந்துவிட்டது என்பது பின்னர் எடுத்த கணக்கு. கல்லெடுத்துப் பிழைத்தோர் ஏழைகள். அவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. கல்லை வாங்கியவர்கள் நாம்.

இதற்கிடையே நகரம் வளர்ந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இரண்டும் ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் அளவு கடலுக்குள் நீள்கின்றன. நாட்டின் வாணிகத்துக்கு அவை இன்றியமையாதன. ஆயினும் கரையோரமாக ஓடும் மணலின் வழியில் எச்சுவர் குறுக்கிட்டாலும் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் கரை அரிக்கும் என்பது கடலின் நியதி. கழிகள் பல உப்பளங்களாயின. உப்பு விளைத்தலும் நெய்தல் நிலத்தார் தொழிலே ஆதலால் அதனைக் குறைகூறேன். உப்பளத்துக்கும் கடலுக்கும் இடையே இருந்த கண்டற் பட்டை மெலிந்து, அதன் உட்புறத்தைச் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்ததே கவலைக்குரியது.

வான் தீவு

தூத்துக்குடிக்கு எதிரே வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என நான்கு தீவுகள் எண்ணப்பட்டன. (சல்லி என்பது உடைந்த சிறுகல். பவளத்தின் நொறுங்கல் குவிந்து எழுந்த தீவுகள் என்பது பெயரிலேயே தெரிகிறது எனக் கருத இடமுண்டு.) அவற்றுள் விலாங்குச்சல்லி இன்று நீருக்கு மேல் இல்லை. கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டித் தீவும் மூழ்கிவிட்டது. பூவரச மரத்தின் பெயர் தாங்கிய நிலம் நீருக்கடியில் கிடக்கிறது. பெயர் மட்டும் அரசின் பட்டியலில் உள்ளது. ஞாழலுக்கு நேர்ந்தது தீவுக்கும் நேர்ந்தது என்க.

வான் தீவும் அவ்வழியே சென்றுகொண்டிருந்தது. 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர், அதாவது 40 ஏக்கர் இருந்த அத்தீவு 2014இல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. ஐந்து ஏக்கர், நம் ஊர்த் தென்னந்தோப்பு ஒன்றின் அளவு. காரணம் தெளிவானது. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையே அலையின் வேகத்தை உடைத்துவந்தது. அது வெட்டப்பட்டபின் அலை நேரே மணலில் மோதியது. தீவு கரைந்தால் அடுத்து மோதும் இடம் தூத்துக்குடிக் கரை. ஆகவே இது யாரும் குடியிராத மணல்திட்டின் செய்தியன்று. நகரத்தின் முன்வாயிற் கதவின் செய்தி.

தீவைச் சுற்றிக் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கலாம். பலவிடங்களில் அதுவே செய்யப்படுகிறது. இங்கு வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அரசோடு இணைந்து, 2015 முதல் படிப்படியாகத் தீவின் கடற்புறத்தில் 10,600 செயற்கைப் பாறைகளை இறக்கின. கீழே அகன்று மேலே குறுகி, பக்கங்களில் துளைகள் உடைய சிமெண்டுக் கூடுகள் அவை. காலநிலை மாற்றத்துக்கான தேசியத் தகவமைப்பு நிதியிலிருந்து பொருள் கிடைத்தது.

துளைகள் ஏன் என்பதே இதில் கற்க வேண்டிய பாடம். அடைத்த சுவர் அலையைத் திருப்பி அடிக்கும். திரும்பும் அலை சுவரின் அடிமணலைத் தோண்டும். துளையுள்ள கூடு அலையை உள்ளே விட்டுக் களைப்பாக்கி அனுப்புகிறது. களைத்த அலை தான் சுமந்துவந்த மணலைக் கீழே விடுகிறது. அலையாத்தியின் வேர் செய்யும் வேலை இதுவே. அன்றியும், துளையில் மீன் ஒதுங்குகிறது. பரப்பில் பவளக்குஞ்சு பற்றுகிறது. மனிதன் இறக்கிய கல், காலப்போக்கில் கடலின் கல்லாக மாறத் தொடங்குகிறது. தீவின் பரப்புச் சுருங்குவது நின்று, சிறிது சிறிதாகப் பெருகலாயிற்று.

கூடவே கடற்புல்லும் நடப்பட்டது. நன்கு வளர்ந்த இடத்திலிருந்து கடற்புல் நாற்றை எடுத்து, சதுரச் சட்டத்தில் சணற்கயிற்றால் கட்டி, மூழ்கிச் சென்று கடலடியில் பதித்தனர். நஞ்சைக்கு நாற்று நடுவதே போல. குனிந்து நடுவதற்கு மாறாக மூழ்கி நட்டனர் என்பதே வேறுபாடு. கடற்புல் வேர் அடிமணலைப் பிடித்துக்கொள்கிறது. ஆவுளியா என இக்கரையோர் அழைக்கும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் அதுவே.

இம்முயற்சியை மிகைப்படுத்திச் சொல்லலாகாது. 40 ஏக்கர் திரும்பவில்லை. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளம் வெளுத்து மடிந்ததைச் சிமெண்டுக் கூடு எதுவும் தடுக்க இயலாது. அண்டையிலுள்ள காரைச்சல்லித் தீவு 1969இல் 20 ஹெக்டேருக்கு மேலிருந்து 2024இல் 3 ஹெக்டேர் அளவாகக் குறைந்துள்ளது. அங்கும் இதே முறையை மேற்கொள்ள அரசு முன்வந்துள்ளது. எனினும் வரிசை சரியானது. முதலில் அலையைத் தணிக்கும் பார், அடுத்து மணலைப் பிடிக்கும் புல், அதன்பின் தீவின் மேல் வளரும் செடி. கடலிலிருந்து நிலம் நோக்கி வரும் வரிசை அது.

நடுதலும் வழிவிடுதலும்

உலகம் முடியும் வேளை வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு அறிவுறுத்தும் நபிமொழி நாம் அறிந்ததே. நடுதல் அறம். எதனை, எங்கே நடுவது என்பது அறிவு. இரண்டும் பிரிந்தால் நல்லெண்ணமே தீங்காய் முடிவதுண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டது. சவுக்குத் தோப்பு காற்றையும் அலையையும் ஓரளவு தடுத்ததுண்டு, விறகும் தரும். ஆனால் அது நெய்தற் கருப்பொருள் அன்று. பிற்காலத்தில் கடல்கடந்து வந்த மரம். அதன் சருகு மூடிய மணலில் அடும்பு படர்வதில்லை. கடலாமை முட்டையிட ஏறிவரும் திறந்த மணலும் குறைகிறது. கானலை எக்கரில் கொண்டுவந்து நட்டதனால் வந்த பிழை இது. ஐந்து அடுக்கையும் ஒன்றாக்கும் ‘பீச்’ என்னும் சொல்லின் பிழையும் இதுவே.

பிச்சாவரம் இதற்கு எதிரான பாடம். தில்லை மரத்தால் பெயர்பெற்ற சிதம்பரத்தை அடுத்த அவ்வலையாத்திக் காட்டில் பெரும்பரப்பு பட்டுக் கிடந்தது. மக்கள் விறகு வெட்டியதே காரணம் என்று பலரும் நம்பினர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது வேறு உண்மை புலப்பட்டது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதால் வெயில்பட்ட சேறு உலர்ந்து தாழ்ந்து தொட்டி போலாயிற்று. உள்ளே வந்த உவர்நீர் வெளியேற இயலாமல் தேங்கிக் காய்ந்து உப்பேறியது. எத்தனை கன்று நட்டாலும் அங்கே பிழைக்காது. அவர்கள் வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்தனர், பின்னரே நட்டனர். காடு மீண்டது. முத்துப்பேட்டையிலும் அவ்வாறே செய்யப்பட்டது. நடுவதற்கு முன் நீருக்கு வழிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பக்கிள் ஓடை முதல்

தூத்துக்குடி நகருக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்ல வெட்டப்பட்டு, அக்கால அதிகாரி ஒருவர் பெயரால் வழங்கும் பக்கிள் ஓடை நகரின் நடுவே ஓடித் திரேஸ்புரம் பக்கம் கடலில் கலக்கிறது. இரு மருங்கும் சுவர், நடுவே கழிவுநீர். ஓடை என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்தும் தலைமுறை உருவாகிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், கோரம்பள்ளம் குளம் உடைந்ததும், தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியதும் நாம் கண்டவை. அத்துணை மழையை எந்த ஓடையும் முழுதும் தாங்காது. எனினும் வெள்ளம் வடிய நாள்கள் பல ஆனதற்கு, நீர் கடலைச் சேரும் வாய்களையும் கழிகளையும் நாம் அடைத்தும் சுருக்கியும் வைத்தது ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. கழி என்பது கடல் நிலத்துள் வரும் வழி மட்டுமன்று. வெள்ளம் தங்கிச் செல்லும் திண்ணையுமாகும்.

நம்மவர் பலர் தொழில்செய்யும் சிங்கப்பூரில், பீஷான் பகுதிப் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நேராகச் சென்ற சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 2012இல் மூன்று கிலோமீட்டருக்கு வளைந்தோடும் ஆறாக மாற்றினர். மழை மிகுந்தால் நீர் புல்வெளியில் பரவுகிறது. வடிந்தபின் குழந்தைகள் அங்கே விளையாடுகின்றனர். நியூயார்க் துறைமுகத்தில், உணவகங்களில் தின்று எறியும் சிப்பி ஓடுகளைச் சேர்த்து, அவற்றில் சிப்பிக்குஞ்சுகளைப் பற்றவைத்துக் கடலில் இறக்கும் பணி 2014 முதல் நடக்கிறது. அலையை உடைக்கவும் நீரைத் தெளிவிக்கவும் 2035க்குள் நூறு கோடிச் சிப்பி என்பது குறிக்கோள். பள்ளி மாணவர் அதில் பெரும்பங்கு கொள்கின்றனர். சிப்பியால் பெயர்பெற்ற நகரம் நியூயார்க்கிடம் சிப்பி வளர்க்கக் கற்கும் நிலை வந்ததே என்று வருந்துவதா, மகிழ்வதா தெரியவில்லை.

அவ்வளவு தொலைவும் போகவேண்டுவதில்லை. சென்னையில் அடையாறு கடலோடு சேரும் கழியில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தூய்மைசெய்து, நீர்ப்பரப்பை ஆழப்படுத்தி, அவ்விடத்துக்குரிய மரஞ்செடிகளை நட்டு 2011 ஜனவரியில் திறந்தனர். அதற்கு வைத்த பெயர் தொல்காப்பியப் பூங்கா. கருப்பொருளுக்கு இலக்கணம் வகுத்தவர் பெயரைக் கழியொன்றுக்கு வைத்தது பொருத்தமே.

தூத்துக்குடியில் இதற்கு இடமில்லையா? ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் மக்கள் நாடும் இடங்கள். அங்கே கல்பாவிய தரைக்கும் நீருக்கும் இடையே எக்கருக்குரிய அகலத்தை விட்டுவைத்து அடும்பைப் படரவிடலாம். விதைப்பதற்குக்கூடத் தேவையில்லை, பெருக்கித் தள்ளாமல் இருந்தாலே போதும். ஓடை வாயில் கழிவுநீரைத் தூய்மைசெய்து விட்டு, ஓதம் ஏறும் அளவுக்குக் கரையைச் சரித்தால் அலையாத்தி நிற்கும். பழையகாயல், புன்னைக்காயல் கழிகளில் அது இன்றும் நிற்கிறது, விதை அங்கிருந்தே வரும். புன்னையைச் சாலையோரத்தில் வைக்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. எக்கர், கழி, கானல் என்று சொல்லும்போது துறையை மறத்தல் கூடாது. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் பிரிக்கவும் இடம் வேண்டும். பசுமை என்னும் பெயரால் வேலியிட்டு மீனவரை அப்புறப்படுத்தும் திட்டம் நெய்தலில் மக்களை நீக்கிவிட்டு மரத்தை மட்டும் வைப்பதாகும். தொல்காப்பியர் வகுத்த கருப்பொருளில் மாவும் மரமும் மட்டுமல்ல, செய்தியும் உண்டு. செய்தி என்பது தொழில். அடப்பங்கொடி இன்னும் உயிரோடிருப்பது வலை காயும் இடத்தில் என்று அம்மாணவர் சொன்னதை இங்கே நினைவிற்கொள்ளலாம்.

அவரிடம் பின்னர் ஒரு பணி கொடுத்தேன்: வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டுக் கரையிலும் கழியிலும் வளர்வனவற்றின் பெயரையெல்லாம் எழுதி வருக என்று. நாற்பத்தொரு பெயர்களைத் தந்தார். தாவரவியல் துறை நண்பர்களின் துணையோடு முப்பத்தைந்துக்கு இனம் கண்டோம். அவற்றுள் பாதிக்கு மேல் நம் அகராதிகளில் இல்லை. எஞ்சிய ஆறும் எவை என்று கேட்டபோது, அவருடைய பாட்டனார், “அதெல்லாம் இப்ப இங்க இல்ல தம்பி, நான் சின்னப் பிள்ளையா இருக்கையில அந்தத் தீவுல கிடந்துச்சு” என்றாராம். எந்தத் தீவு என்று கேட்டு வருமாறு மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.